ஒரே தேயிலை, இரண்டு சல்லடை: மனவடு நோயை எதைக் கொண்டு அளக்கிறார்கள்?

மழை இரவில் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே தூங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப். பேப்பர் எல்லாம் ஒரு சிலிசிலி பையில் சுற்றி, கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு மேலே மலை, மலைக்கு மேலே மழை. இப்படித் தூங்குவது நோயா, புத்திசாலித்தனமா? மருத்துவ உலகத்திடம் கேட்டால் ஒரே பதில் வராது. அங்கே இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன, இரண்டும் வெவ்வேறு விதமாகக் கணக்குப் பார்க்கின்றன.

மலையகத்தில் ஒரு மனநல கிளினிக்கில் சில காலம் மொழிபெயர்ப்புக்கு நின்றிருக்கிறேன். டாக்டருக்குச் சிங்களம், வந்தவருக்குத் தமிழ், நடுவில் நான். கையில் ஒரு கேள்வித்தாள். அதிலுள்ள கேள்விகள் எங்கிருந்து வந்தன, ஏன் இதைக் கேட்கிறார்கள், அதை ஏன் கேட்பதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை.

முதலில் பெயர். உயிருக்கே உலை வைக்கும் ஒரு சம்பவத்திலிருந்து தப்பியவருக்கு, அது முடிந்து நாளாகியும் உள்ளுக்குள் முடியாமலே இருப்பதை நம் நாட்டுத் தமிழில் ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ என்று எழுதுகிறார்கள். வாய்க்குள் நுழையாத பெயர். கிளினிக்கில் பி.டி.எஸ்.டி. என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். முதலாம் உலகப் போரில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே நின்ற சிப்பாய்களிடம் இதைப் பார்த்தபோது ‘ஷெல் ஷாக்’ என்றார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் பட்ட பாடுதான் 1980இல் இதை இன்றைய பெயரோடு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலுக்கு டி.எஸ்.எம். என்று பெயர். அப்போது வந்தது மூன்றாம் பதிப்பு, ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது.

மற்றது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. காய்ச்சல் முதல் கால் முறிவு வரை எல்லாவற்றுக்கும் அதில் ஓர் இலக்கம் உண்டு, மனநோய்களுக்கும் உண்டு. அதன் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது.

டீ பெக்டரிக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அடுத்த விஷயம் சட்டென்று பிடிபடும். காய்ந்து வரும் தேயிலை ஒன்றுதான். சல்லடைக் கண் மாறினால் எது பி.ஓ.பி. என்ற ரகமாக நிற்கும், எது டஸ்ட் என்ற தூளாகக் கீழே போகும் என்பது மாறிவிடும். தேயிலை அப்படியேதான் இருக்கிறது. இந்த இரண்டு புத்தகங்களும் அப்படி இரண்டு சல்லடைகள். ஒன்றில் நிற்கிறவர் மற்றதில் கீழே விழுந்துவிடலாம்.

டி.எஸ்.எம். சல்லடையை முதலில் பார்ப்போம். அதில் 20 அறிகுறிகள், நான்கு கூடைகளில் போட்டிருக்கிறார்கள். முதல் கூடையில் ஐந்து: கூப்பிடாமல் வரும் நினைவு, கெட்ட கனவு, மறுபடி அந்தச் சம்பவத்துக்குள்ளேயே போய்விடுவது, அதை ஞாபகப்படுத்தும் எதையாவது கண்டால் மனம் பதறுவது, உடம்பு பதறுவது. இவற்றில் ஒன்றாவது வேண்டும். இரண்டாவது கூடை ஒதுங்குவது. அந்த நினைப்பை ஒதுக்குவது ஒன்று, அந்த இடம், ஆள், பேச்சு இவற்றை ஒதுக்குவது இன்னொன்று. இரண்டில் ஒன்று போதும்.

மூன்றாவதுதான் பெரிய கூடை, ஏழு அறிகுறிகள். நடந்ததில் முக்கியமான பகுதி ஞாபகத்திலேயே இல்லாமல் போவது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை, யாரையும் நம்ப முடியாது’ என்ற எண்ணம், நடந்ததற்குப் பழியைப் பிசகாகத் தன் மேலோ பிறர் மேலோ போடுவது, விடாத பயமோ கோபமோ குற்றவுணர்வோ வெட்கமோ, முன்பு பிடித்தவற்றில் நாட்டம் போய்விடுவது, மனிதர்களிடமிருந்து விலகிப்போன உணர்வு, சந்தோஷமே எட்டாமல் போவது. இவற்றில் இரண்டு வேண்டும். நான்காவது கூடையில் ஆறு: எரிந்து விழுவது, உயிரைப் பற்றிய அக்கறையில்லாத துணிச்சல், எந்நேரமும் விழிப்பாகவே இருப்பது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, கவனம் நிற்காதது, தூக்கம் கெடுவது. இதிலும் இரண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, ஆளை வாட்டவோ வேலையையும் குடும்பத்தையும் கெடுக்கவோ வேண்டும்.

இந்தக் கூடைகளிலிருந்து மாற்றி மாற்றி எடுத்தால் எத்தனை விதமாக ஒருவர் இந்த நோய்க்குள் வரலாம்? கணக்குப் போட்டால் 636,120 விதம். நம்பிக்கை இல்லாதவர்கள் பள்ளிக்கூடத்துச் சேர்மானக் கணக்கை வைத்துப் பெருக்கிப் பார்க்கலாம், நான் பெருக்கிப் பார்த்தேன். கிளினிக் கொப்பியில் ஒரே பெயர் எழுதப்பட்ட இரண்டு பேருக்கு ஓர் அறிகுறிகூடப் பொதுவாக இல்லாமலும் இருக்கலாம்.

ஐ.சி.டி. 11 வேறு வழி பிடித்தது. தூக்கமின்மை, எரிச்சல், கவனம் சிதறுவது எல்லாம் மனச்சோர்விலும் பதற்ற நோயிலும் வருகின்றனவே, பி.டி.எஸ்.டி.க்கு மட்டும் உரியது எது என்று கேட்டு, மூன்றை மட்டும் வைத்துக்கொண்டது. சம்பவம் இங்கே, இப்போதே மறுபடி நடப்பது ஒன்று. அதை ஞாபகப்படுத்துபவற்றிலிருந்து ஒதுங்குவது இரண்டு. ஆபத்து இன்னும் போகவில்லை என்ற ஓயாத உணர்வு, அதாவது அளவுக்கு மீறிய விழிப்போ திடுக்கிடலோ, மூன்று. இந்த மூன்றும் இருக்க வேண்டும், சில வாரங்களாவது நீடிக்க வேண்டும், அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட வேண்டும். மனநல டாக்டர் எட்டாத ஊர்களிலும் உதவ வேண்டிய புத்தகம் என்பதால் பட்டியலைச் சுருக்கினார்கள்.

சரி, இப்போது இரண்டு பேரைப் பார்ப்போம். இருவரையும் நானே கட்டிச் சொல்கிறேன், யாரையும் பார்த்து எழுதியதில்லை.

ஓர் அக்கா. மண்சரிவில் தங்கச்சியை இழந்தவர். அடுப்படியில் நிற்கும்போது, கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது நினைவு வந்துவிடும். கண் கலங்கும். ஆனால் அது அன்றைக்கு நடந்தது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். ‘அன்னைக்கு ராத்திரி அவள எங்க காம்பிராவுல படுக்கச் சொல்லியிருந்தா...’ என்று பழி முழுக்கத் தன் மேல். தீபாவளிக்குப் பிள்ளைகள் சேலை எடுத்துக் கொடுத்தாலும் மனம் ஒட்டுவதில்லை. தூக்கம் இல்லை, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். மற்றபடி மழைச் சத்தத்துக்கோ இடிக்கோ அவர் பதறுவதில்லை.

அதே லயத்தில் ஓர் அண்ணன். லொறி மேட்டில் கியர் மாற்றி உறுமினால் போதும், அன்றைய இரைச்சல் உடம்புக்குள் வந்துவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பைத் தாண்டி ஓடியிருக்கிறார், ஓடி நின்ற பிறகுதான் லொறி என்று தெரிந்தது. அந்தச் சரிவுப் பக்கம் போவதில்லை. அங்கே வேலை போட்டால் அன்றைக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், இல்லாமல் வீட்டில் இருந்துவிடுவார். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் துள்ளுவார். மற்றபடி சிரித்துப் பேசுவார், திருவிழாவில் தப்படிக்க முதல் ஆளாக நிற்பார், படுத்தால் தூங்கிவிடுவார்.

அக்கா டி.எஸ்.எம்.மில் நிற்பார், ஐ.சி.டி.யில் விழுந்துவிடுவார். நினைவு வருகிறது, ஆனால் சம்பவம் மறுபடி நடப்பதில்லை; ஆபத்து உணர்வும் இல்லை. அண்ணன் நேர்மாறு. ஐ.சி.டி. கேட்கும் மூன்றும் அவரிடம் இருக்கின்றன, ஆனால் டி.எஸ்.எம்.மின் மூன்றாவது கூடையில் போட அவரிடம் எதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே மலையின் கீழ் ஒரே இரவில் தப்பியவர்கள்.

அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று ஐ.சி.டி. அனுப்பிவிடுவதில்லை. மனச்சோர்வா என்று பார்க்கச் சொல்லும். அல்லது நீடித்த துயர நோயா என்று பார்க்கச் சொல்லும். இறந்தவர் மேலான ஏக்கம் ஆறு மாதத்துக்கு மேலும், ஊர் வழக்கத்துக்கு மீறியும் ஆளை முடக்கினால் அந்தப் பெயர். டி.எஸ்.எம்.மும் 2022 திருத்தத்தில் இதைச் சேர்த்தது, ஆனால் பெரியவர்களுக்கு ஒரு வருடம் கழிய வேண்டும் என்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. கருமாதி செய்ய உடல் இல்லாத வீட்டில் துயரம் எங்கே முடிந்து மனவடு எங்கே தொடங்குகிறது என்று எந்தச் சல்லடையால் பிரிப்பது? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி மொழிபெயர்ப்பில் நான் விட்ட பிழை ஒன்று. தாளில் ‘பிளாஷ்பேக்’ என்று இருந்தது. நம் ஆட்களுக்குத் தெரிந்த சொல்தானே என்று, வந்திருந்த ஓர் அம்மாவிடம் அப்படியே கேட்டேன். “படத்துல வருமே, அந்த மாதிரியா தம்பி?” என்று திருப்பிக் கேட்டார் அந்த அம்மா. நம் படங்களில் பிளாஷ்பேக் என்றால் ஒருவர் தூணில் சாய்ந்துகொண்டு பழைய கதையைச் சொல்வார். சொல்கிறவர் இன்றைக்கு இருக்கிறார், கதை அன்றைக்கு இருக்கிறது. மருத்துவம் கேட்பது அதற்கு எதிர்ப்பக்கம். அங்கே ‘இன்றைக்கு’ என்பதே சில நொடி காணாமல் போய்விடும். கேள்வியை மாற்றினேன்: “அது நெனப்பா வருதாம்மா, இல்ல இப்பவே நடக்குற மாதிரி வருதா?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நெனப்பு வந்தா அழுவேன். இது வந்தா ஓடுவேன்” என்றார். இரண்டு புத்தகத்துக்கும் நடுவிலுள்ள முக்கியமான வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒதுங்குவது என்ற அறிகுறியும் தோட்டத்துக்கு வந்தால் உருமாறிவிடுகிறது. நகரத்தில் இருப்பவர் விபத்து நடந்த தெருவை விட்டு வேறு தெருவால் போகலாம். தோட்டத்தில் காலைப் பிரட்டில், வேலை பிரிக்கும்போது, எந்த மலையைச் சொல்கிறார்களோ அங்கேதான் போக வேண்டும், போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அதனால் ‘அந்த இடத்துக்குப் போகாமல் இருக்கிறீர்களா?’ என்று கேட்டால் ‘தினமும் போறேனே’ என்று பதில் வரும். தாளில் ‘இல்லை’ என்று விழும். போகும்போது தலையைத் தூக்காமல், யாரோடும் பேசாமல், சாயங்காலம் ஒரு கால்போத்தல் சாராயத்தோடுதான் அந்த நாளை முடிக்கிறார் என்பது வேறு கேள்வி கேட்டால்தான் வெளியே வரும்.

ஆபத்து உணர்வு இன்னும் சிக்கல். மனவடு நோயின் பெயரிலேயே ‘பிற்பட்ட’ என்று இருக்கிறது, சம்பவம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நம் மலைகளில் முடிந்துவிட்டதா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அப்படி எச்சரிக்கை விழும் இடங்களில் இன்னும் லயங்கள் இருக்கின்றன. அங்கே சுவரில் வெடிப்பு பெரிதாகிறதா என்று ராத்திரி டோர்ச் அடித்துப் பார்ப்பவரை ‘மிகை விழிப்பு’ என்று எழுதுவது அநியாயம். நல்ல டாக்டர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். “கொழும்பில மகள் வீட்டுக்குப் போனா எப்படித் தூங்குறீங்க?” என்று கேட்பார். கொழும்பில், மழையில்லாத இரவில், நாலாம் மாடியிலும் செருப்போடுதான் படுக்கிறார் என்றால் அது வேறு கதை. மேலே சொன்ன முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலும் இவ்வளவுதான்.

சரி, எந்தச் சம்பவம் கணக்கில் வரும்? டி.எஸ்.எம். இங்கே கறார். சாவு அல்லது சாவு மிரட்டல், பலத்த காயம், பாலியல் வன்முறை. அதை நேரில் அனுபவித்திருக்க வேண்டும், கண்ணால் கண்டிருக்க வேண்டும், அல்லது நெருங்கிய ஒருவர் வன்முறையிலோ விபத்திலோ சிக்கியதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து உடல்களை எடுக்கிறவர்களைப் போல வேலைக்காகத் திரும்பத் திரும்ப அதை எதிர்கொள்கிறவர்களும் சேர்வார்கள். வீட்டில் உட்கார்ந்து டீ.வி.யில் பார்ப்பது சேராது. ஐ.சி.டி. ‘மிகப் பயங்கரமான, அச்சுறுத்தும் சம்பவமோ சம்பவங்களோ’ என்று சொல்லிவிட்டு மிச்சத்தை டாக்டரின் தீர்ப்புக்கு விடுகிறது.

டி.எஸ்.எம்.மின் நான்காம் பதிப்பில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: சம்பவ நேரத்தில் கடும் பயமோ கையறு நிலையோ திகிலோ வந்திருக்க வேண்டும். ‘பயப்பட எங்க நேரம், புள்ளைகளத் தூக்கிட்டு ஓடுனேன்’ என்று சொல்கிற தாய் அந்தக் காலத்தில் வாசலிலேயே தடுக்கப்பட்டிருப்பார். 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். சரியான வேலை.

ஆனாலும் எங்கள் சனத்தின் பெரிய காயங்கள் சில இரண்டு சல்லடையிலும் சிக்காமல் போகின்றன. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் சனத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று கையெழுத்தானது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறியவர்களைப் பற்றிப் பேசினால் இன்றும் சில பாட்டிகளின் குரல் மாறும். உயிராபத்து இல்லையே, அதனால் பி.டி.எஸ்.டி. இல்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்ப் பாதிப்பைப் பற்றி எழுதும்போது கூட்டு மனவடு என்று ஒன்றைச் சொல்கிறார். குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன, தனியாள் அளவில் மட்டும் பார்த்தால் அது பிடிபடாது என்பது அவர் வாதம். எனக்கு அந்தப் பாட்டிகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

ஐ.சி.டி. 11 கொண்டுவந்த புதிய பெயர் ஒன்று உண்டு, சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று சொல்லலாம். ஒரே அடியில் வருவதைவிட, தப்பிக்க வழியில்லாமல் திரும்பத் திரும்ப விழுகிற அடிகளில் இது அதிகம் வருகிறது: வீட்டுக்குள் வருடக்கணக்கான வன்முறை, சிறுவயதுக் கொடுமை, சித்திரவதை, போர். முதலில் சொன்ன மூன்றும் இருக்க வேண்டும். அதற்கு மேல் இன்னும் மூன்று: உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாதது, ‘நான் தோற்றுப்போனவள், ஒன்றுக்கும் உதவாதவள்’ என்று வேரூன்றிய எண்ணம், யாரோடும் நெருங்கி இருக்க முடியாதது. இங்கே தமிழர் மீதான 1977 வன்செயலில் தோட்டத்தில் வீடிழந்து, வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, அங்கே போரையும் கண்ட குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். டி.எஸ்.எம்.மில் இந்தப் பெயர் தனியாக இல்லை. அதன் மூன்றாவது கூடையிலேயே இதில் பாதி அடங்கிவிடுகிறது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் ஐ.சி.டி. கட்சி.

தூக்க விஷயத்தில் கட்சி மாறிவிடுவேன். கிளினிக்கில் முதலில் வரும் முறைப்பாடு தூக்கம்தான், அதுவே ஐ.சி.டி.யின் மூன்றில் இல்லை. அடுத்தது உடம்பு: தலையிடி, நெஞ்சு இறுக்கம், கை கால் உளைச்சல். இரண்டு பட்டியலிலும் இவை நிபந்தனையாக இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் பெனடோல் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் நடப்பவர்களில் எத்தனை பேர் இப்படி என்று யார் பார்ப்பது? பயந்த கோளாறு என்று கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. கட்டட்டும், கிளினிக்குக்கும் வரட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு டி.எஸ்.எம். தனி அளவு வைத்திருக்கிறது, ஆறு வயதும் அதற்குக் கீழும். அவர்கள் சொல்லமாட்டார்கள், விளையாடுவார்கள். பொம்மையை மண்ணில் புதைத்துப் புதைத்து எடுக்கும் பிள்ளையை அதட்டாமல் கவனியுங்கள்.

இன்னொன்று, சம்பவம் நடந்து முதல் சில வாரத்தில் இந்தப் பட்டியலைக் கையில் எடுக்காதீர்கள். அப்போது தூக்கம் வராததும் துள்ளி எழுவதும் பெரும்பாலானோருக்கு வருவதுதான், பலருக்குத் தானாகவே தணியும். அந்த நேரத்தில் தேவை காய்ந்த உடுப்பு, சூடான தேத்தண்ணி, சொந்தக்காரர் எங்கே என்ற தகவல். ‘என்ன நடந்தது, சொல்லுங்க சொல்லுங்க’ என்று கிண்டுவது உதவாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

வாரங்கள் போயும் தணியாவிட்டால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கோடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம். போகும்போது நோயின் பெயரைக் கொண்டுபோக வேண்டியதில்லை. மழை பெய்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள், முன்பு செய்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள், வருவது நினைப்பா அல்லது ஓட வைக்கிறதா, வேறு ஊரில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள். கூட வந்த பத்து வயது மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்; அப்படி ஒரு பிள்ளை தன் அம்மாவின் கதையைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன், பாதியில் டாக்டரே நிறுத்திவிட்டு என்னைத் தேடி ஆள் அனுப்பினார்.